புகைக்குக் கணக்கு வைக்கும் செயற்கைக்கோள்

2015-இல் எல் நினோவால் மழை பொய்த்தது. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகளோடு, மக்கிய தாவரங்கள் படிந்த 'பீட்' நிலங்களும் பற்றிக்கொண்டன. பீட் கொழுந்துவிட்டு எரியாது; மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும். ஆக்சிஜன் போதாத இத்தகைய தீதான் கார்பன் மோனாக்சைடை அள்ளிக் கொட்டும். புகைமூட்டத்தால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

நிறமோ மணமோ இல்லாத இந்த வாயுவை, நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் இருந்த மோபிட் கருவி அளந்தது. கனடா தந்த கருவி அது. 1999 டிசம்பரில் விண்ணுக்குப் போனது. பூமியிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரில் 4.7 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதியை இந்த வாயு விழுங்கும். கருவிக்குள்ளேயே சிறு கலத்தில் அதே வாயுவை அடைத்துவைத்து ஒப்பிடுவார்கள். நல்ல உத்திதான், ஆனால் மேகம் மறைத்தால் ஒன்றும் நடக்காது.

எங்கே எவ்வளவு என்பது இதில் தெரியும். எங்கிருந்து வந்தது?

அதற்குக் கணினி மாதிரி வேண்டும். காற்றின் போக்கு, காட்டுத்தீ, வாகனப் புகை, மீத்தேன் சிதைந்து உருவாகும் பங்கு, காற்றிலுள்ள ஹைட்ராக்சில் என்ற வினைத்துகள் அழிக்கும் பங்கு எல்லாம் அதில் சேரும். கணிப்பும் அளவும் முட்டிக்கொண்டால், தீயின் கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டுவார்கள். இந்த வாயு காற்றில் ஓரிரு மாதங்கள் தங்குவது இதற்குத் தோது: கண்டம் தாண்ட அது போதும், உலகெங்கும் சீராகக் கலக்கப் போதாது.

2000-க்குப் பிறகு உலகக் காற்றில் இதன் அளவு மெல்லக் குறைந்திருக்கிறது; வாகனப் புகைக் கட்டுப்பாடுகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பெருந்தீ மூண்ட ஆண்டுகளில் மட்டும் கோடு மேலே எகிறுகிறது.