கார் ஏ.சி.க்கும் உண்டு வேகக் கட்டுப்பாடு

சென்ற கோடையில் என் காரில் ஏ.சி. குளிரவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக் கொண்டு, என்னை ஏ.சி. பட்டனை அழுத்தச் சொன்னார். "கிளட்ச் சத்தமே வரலை சார். கம்ப்ரசர் போச்சு, மாத்திடணும்" என்றார். அவர் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதி. அந்தக் கம்ப்ரசரில் கிளட்சே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது!

கார் ஏ.சி.யின் கம்ப்ரசர் பெல்ட் மூலம் இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. பழைய வகையில் இரண்டே நிலைதான்: முழு வேலை, அல்லது ஓய்வு. குளிர் அதிகமாகி எவாப்பரேட்டரில் ஐஸ் பிடிக்கும் நிலை வந்தால், காந்தக் கிளட்ச் கம்ப்ரசரைப் பெல்ட்டிலிருந்து விடுவிக்கும். சற்று நேரத்தில் மீண்டும் 'டக்' என இணைக்கும். அப்போது சிறிய கார்கள் லேசாக உதறும்.

உங்கள் கம்ப்யூட்டரில் வேலை குறைவாக இருந்தால் ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது அல்லவா? இன்டெல் 2000ல் லேப்டாப்களுக்குத் தந்த ஸ்பீட் ஸ்டெப், பேட்டரியில் இயங்கும்போது வேகத்தைக் குறைத்தது. ஆனால் கம்ப்ரசரின் வேகம் இஞ்சின் கையில் இருக்கிறது. எனவே ஒரு சுற்றில் செய்யும் வேலையைக் குறைக்கிறார்கள்.

உள்ளே சாய்வான தட்டு ஒன்று சுழல்கிறது. அதுதான் பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சாய்வு அதிகம் என்றால் பிஸ்டன் நெடுந்தூரம் ஓடி, நிறைய வாயுவை அழுத்தும். தட்டு ஏறக்குறைய நேராக நின்றால் பிஸ்டன் அசைவதே தெரியாது. சாய்வை மாற்றக் கையோ கம்பியோ இல்லை. பிஸ்டன்களுக்குப் பின்னால் உள்ள அறையில் வாயு அழுத்தத்தை ஒரு வால்வு கூட்டினால் தட்டு நிமிர்கிறது, குறைத்தால் சாய்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களில் தந்த வி5 கம்ப்ரசரில் இந்த வால்வு அழுத்தத்தை உணர்ந்து தானே இயங்கியது. பிந்தைய பல கார்களில் கம்ப்யூட்டர் மின்துடிப்புகளை அனுப்பி அதை இயக்குகிறது. உங்கள் சி.பி.யு. ஃபேனின் வேகம் மாறுவதும் இதே முறையில்தான். இவ்வகையில் பலவற்றுக்குக் கிளட்ச் தேவையில்லை, சத்தமும் வராது.

வேறொரு கடையில் ஸ்கேனரை இணைத்தார்கள். வாயு அழுத்தம் குறைந்திருந்ததால், கம்ப்ரசர் கெடாமல் இருக்க, கார் கம்ப்யூட்டரே அதைக் குறைந்தபட்ச நிலையில் நிறுத்தியிருந்தது. குழாய் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். வளையத்தை மாற்றி, பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுப்படி எடை போட்டு கேஸ் நிரப்பினார்கள். உங்களிடம் யாராவது கம்ப்ரசரை மாற்றச் சொன்னால், முதலில் ஸ்கேனரில் அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.