பத்துமலைச் சிலைக்குள் எந்த உலோகம்? கார்பன் எஃகும் நிக்கல் கலப்புலோகமும்



"துருப்பிடிக்காத உலோகம்தானே சிறந்தது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்கு மேல் "ஆமாம்"னு சொல்லிடுவாங்க. தேர்விலும் அப்படியே எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். தெளிவு பெற நமக்குத் தெரிந்த பத்துமலைக்கே போவோம்.

2006 ஜனவரியில் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதற்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் எஃகுக் கம்பியும் தேவைப்பட்டன. கணக்குப் போட்டால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ கம்பி. கட்டுமானக் கம்பி என்றால் பொதுவாகக் கார்பன் எஃகுதான்.

இத்தனை மழையில் அது துருப்பிடிக்காதா? நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அதன் pH அளவு 12க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதுமில்லை. ஆனால் விரிசல் விழுந்து நீரும் காற்றும் உள்ளே போனால் ஆபத்து. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட்டையே பிளந்துவிடும். விரிசலை உடனே அடைப்பது இதற்குத்தான், அழகுக்காக மட்டும் இல்லீங்க.

இனி ஒப்பிடுவோம். நிக்கல் கலப்புலோகத்துக்கு இன்கோனல் 625ஐ எடுத்துக்கொள்வோம்.

1. சேர்க்கை: கார்பன் எஃகில் இரும்புடன் சிறிதளவு கார்பன். இன்கோனலில் 58 விழுக்காட்டுக்குக் குறையாத நிக்கல். கூடவே குரோமியம், மாலிப்டினம்.
2. துரு எதிர்ப்பு: கார்பன் எஃகுக்குச் சாயமோ கான்கிரீட்டோ பாதுகாப்பு வேண்டும். இன்கோனலை அதன் குரோமிய ஆக்சைடு படலமே காக்கும், கடல்நீரையும் தாங்கும்.
3. வெப்பம்: கார்பன் எஃகு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமை குறையத் தொடங்கும். இன்கோனல் அதற்கு மேலும் வலிமையோடு நிற்கும்.
4. விறைப்பு: இரண்டுக்கும் ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல். பலர் கவனிக்காத இடம் இதுதான்!
5. விலை: நிக்கல் கலப்புலோகம் பல மடங்கு அதிகம். பற்றவைப்பதும் கடைவதும் கடினம்.

ஆகவே சிலைக்குள் கார்பன் எஃகு போதும். எரிவாயுச் சுழலிக்கும் கடல்நீர் வால்வுக்கும் நிக்கல் கலப்புலோகம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எவர்சில்வர் பால்குடத்தில் சுமார் 8 விழுக்காடு நிக்கல் இருக்கலாம்; ஆனாலும் அதில் பெரும்பகுதி இரும்பு, எனவே அது எஃகு வகை. பழைய 50 சென் காசில் 25 விழுக்காடு நிக்கல், 75 விழுக்காடு செம்பு. அது செம்புக் கலப்புலோகம். நிக்கல் இருந்தாலே நிக்கல் கலப்புலோகம் ஆகிடாது. எது அதிகம்னு பாருங்க.

வகுப்பில் ஒரு ஆணியையும் எவர்சில்வர் கரண்டியையும் உப்புநீரில் சில நாள் போட்டு வையுங்கள். பிறகு மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

தேர்வு விடையில் மூன்று பகுதி இருக்கட்டும்: சூழல், அதற்குத் தேவையான பண்பு, செலவு. "சிறந்தது" என்று மட்டும் எழுதாதீங்க. "எதற்குச் சிறந்தது" என்று எழுதுங்க. புள்ளி அங்கேதான் இருக்கிறது.