வண்டிக்கும் ஒரு செயின் உண்டு!

கழுத்துச் செயினைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவிப் பளபளப்பாக வைத்துக்கொள்ளும் சகோதரிகளே! வாசலில் நிற்கும் வண்டியின் செயினை என்றைக்காவது கவனித்ததுண்டா?

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தால் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போது அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த காலம் மலையேறிற்று! இன்று பெண்கள் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறார்கள். செயினுக்கு எண்ணெய் போட மட்டும் இன்னொருவரை எதிர்பார்ப்பானேன்?

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ஓடும் செயினில் துணி சிக்கினால், விரலையும் பல்சக்கரத்துக்குள் இழுத்துவிடும்; ஜாக்கிரதை! வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெள்ளச் சுற்றியபடி, மண்ணெண்ணெய் தோய்த்த மிருதுவான பிரஷ்ஷால் அழுக்கைத் தேயுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது. நன்றாகத் துடைத்து உலர்ந்ததும், செயினின் உட்புறத்தில் செயின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழுதி அப்பிக்கொள்ளும். டயரில் பட்டால் வண்டி வழுக்கும்.

சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பிறகும் இதைச் செய்யுங்கள். கால் மணி நேர வேலைதான். நட்டநடு வழியில் செயின் அறுந்து, இருட்டில் தனியே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?