சிறுதேர்வுக்குப் பின்னால்

மாணவியர் இருபது நிமிடத்தில் எழுதி முடிக்கும் கணிதச் சிறுதேர்வுக்கு வினா அமைக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுவதில்லை. அடுக்குக்குறிச் சார்புகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தவறாக எண்ணுபவளுக்கும் சரியான விடை கிடைத்துவிடக்கூடிய பாடம் அது.

ஓர் எண்ணின் வர்க்கம் வேறு. 2-க்கு அவ்வெண்ணை அடுக்காக இட்டால் வருவது வேறு. ஆனால் 2, 4 ஆகிய எண்களைக் கொடுத்தால் இரண்டுக்கும் விடை ஒன்றே. குழம்பியவள் தப்பிவிடுவாள்! 10-ஐக் கொடுத்தாலோ ஒன்று 100, மற்றது 1,024.

தைராய்டு சிகிச்சையில் பயன்படும் கதிரியக்க அயோடின்-131 ஏறத்தாழ 8 நாளில் பாதியாகிறது. 80 அலகு 8 நாளுக்குப்பின் எவ்வளவு என்றால் எல்லோரும் 40 என்பர். ஆகவே 24 நாள் என்று கேட்கிறோம். நாள்தோறும் 5 அலகு குறைவதாக எண்ணியவளுக்கு 16-ஆம் நாளிலேயே எல்லாம் தீர்ந்திருக்கும். சரியான விடை 10.

இவ்வினாவுக்கு மூன்று மதிப்பெண். மூன்று முறை பாதியாகிறது என்று கண்டதற்கு ஒன்று, கணக்கை அமைத்ததற்கு ஒன்று, விடைக்கு ஒன்று. கடைசி வகுத்தலில் சறுக்கியவளுக்கு இரண்டு உண்டு. வழி காட்டாமல் 10 என்று மட்டும் எழுதியவளுக்கு ஒன்றுதான். இது கடுமை எனப் பெற்றோர் சிலர் கருதலாம். ஆனால் அவள் எப்படிச் சிந்தித்தாள் என்பதை அந்த விடைத்தாள் எங்களுக்குச் சொல்வதில்லையே!

வகுப்பில் பாதிப்பேர் பூச்சியம் என்று எழுதியிருந்தால், மதிப்பெண் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு மறுநாள் அதே பாடத்தை மீண்டும் நடத்துகிறோம். அடுத்த வாரம் வேறு எண்களுடன் இன்னொரு தேர்வு.