உளியின் நேரத்துக்கு என்ன விலை?

நொய்யல் கரையில் இருக்கும் சாமளாபுரத்துக்காரனுக்குக் கடல் தொலைவு. ஓய்வுபெற்ற பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாமல்லபுரம் சென்று வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கடந்த மார்கழியில் அங்குள்ள ஒரு சிற்பக்கூடத்தில் ஒரு சாண் உயரக் கருங்கல் பிள்ளையாரைக் கண்டு விலை கேட்டேன். சொன்ன விலையில் பாதிக்குத் தருமாறு பேரம் பேசினேன். சிற்பி கோபப்படவில்லை. எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, “உங்க ஊர்ல தறிக்கு மீட்டர் கணக்குல கூலி. எனக்கு நாள் கணக்குங்க ஐயா. இதுக்கு ஒன்பது நாள் ஆச்சு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க” என்றார். தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோதெல்லாம் அவர்கள் பக்கம் நின்று பேசியவன் நான். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

மாமல்லபுரத்துக்குப் பெருமை குறைவில்லை. ஏழாம் நூற்றாண்டின் ஒற்றைக்கல் ரதங்களும், ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 1957 முதல் அங்கே அரசு சிற்பக் கல்லூரி இயங்குகிறது. ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாட்டிய விழா நடக்கிறது. 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரோனாவின் பாதிப்பு நீடித்த 2021-22-இல் அங்குள்ள நினைவுச் சின்னங்களைக் காண வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். அந்த ஆண்டில் தாஜ்மகாலுக்குச் சென்றவர்களைவிட அதிகம். ஆயினும் வருகையாளர் எண்ணிக்கை வேறு, சிற்பியின் வருமானம் வேறு. நுழைவுச்சீட்டும் விடுதி வாடகையும் சிற்பியின் பட்டறைக்கு வந்து சேர்வதில்லை.

இதன் அடியில் உள்ள சிக்கலை வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-இல் நிகழ்கலைகளை ஆராய்ந்து விளக்கினார்கள். எங்கள் ஊரைக் கொண்டே அதைச் சொல்லலாம். கைத்தறியில் ஒருவர் நாள் முழுதும் உழைத்துச் சில மீட்டர் நெய்தார். விசைத்தறியில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். உற்பத்தி பெருகும் துறைகளில் காலப்போக்கில் கூலியும் உயர்கிறது. ஆனால், பிள்ளையாரின் துதிக்கையை வளைக்கத் தாத்தாவுக்கு ஆன நேரம்தான் ஏறக்குறைய பேரனுக்கும் ஆகிறது. மற்ற துறைகளில் கூலி உயரும்போது சிற்பியின் கூலியும் உயர வேண்டும். இல்லையேல் அவருடைய மகன் வேறு வேலைக்குப் போய்விடுவான். எனவே, கையால் செய்யும் கலைப்பொருள் மற்றப் பொருள்களோடு ஒப்பிடுகையில் ஆண்டுக்கு ஆண்டு விலை கூடித் தெரிவது இயல்பு. அது சிற்பியின் பேராசை அல்ல.

இயந்திரம் உதவாதா? உதவுகிறது. வெட்டும் இயந்திரம் கல்லின் வேண்டாத பகுதியை விரைவாக நீக்கிவிடுகிறது. முகமும் விரலும் மட்டும் உளிக்கு எஞ்சுகின்றன. ஆனால், அந்த இயந்திரம் மிக நுண்ணிய தூளைக் கிளப்புகிறது. கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நெடுநாள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. நீர் தெளித்து வெட்டுதல், தூளை உறிஞ்சும் கருவி, தரமான முகக்கவசம் ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். அவற்றுக்கும் செலவாகும். பேரத்தில் விலை இறங்கும்போது முதலில் விடுபடுவது அந்தச் செலவே. விலையில் ஏறாத செலவை யாரோ ஒருவர் உடலாலோ ஓர் ஆறு தன் நீராலோ செலுத்துகிறது என்பதை நாங்கள் நொய்யலில் கண்டோம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, மலிவான பனியனின் மெய்யான விலை பலருக்குப் புரிந்தது.

அப்படியானால் கலையின் செலவை யார் ஏற்பது? பெரிய சிற்பங்களைப் பொறுத்தவரை உள்நாட்டுக் கோயில்களும் கடல்கடந்த தமிழர் கோயில்களும் ஏற்கின்றன. இன்னொரு வழியைச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையிலேயே காணலாம். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள், பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று நிலம் வாங்கினார்கள். கைவினை சோறு போட, ஓவியம் சுதந்திரமாக வளர்ந்தது. மூன்றாவது வழி அரசு. கல்லூரி நடத்துவதோடும் குறியீடு வழங்குவதோடும் நில்லாமல், பட்டறைகளில் தூள்தடுப்பு வசதிக்கு மானியமும், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும் அளிக்க வேண்டும். விழா மேடைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இருக்காது.

பயணிக்கும் ஒரு பங்கு உண்டு. ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் அச்சு வார்ப்புகளை விட்டு, பட்டறைக்குள் சென்று பாருங்கள். மாக்கல்லா கருங்கல்லா, எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். சொல்லும் விலையை அந்த நாள்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை உங்கள் ஊரில் ஒரு கொத்தனாரின் நாள்கூலியைவிடக் குறைவாக இருந்தால், பேரம் பேச அங்கே எதுவுமில்லை.

நானும் அன்று அப்படித்தான் வகுத்துப் பார்த்தேன். கல்லின் விலையைக் கழித்தபின் எஞ்சியது கொத்தனார் கூலியை எட்டவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்துப் பிள்ளையாரை வாங்கி வந்தேன். மேசைமேல் அவரைப் பார்க்கும் நண்பர்கள் என்ன விலை என்று கேட்கிறார்கள். ஒன்பது நாள் என்கிறேன்.