கொஸ்லந்தைக்குத் திரும்பும் முன் மலையையும் மண்ணையும் அறிந்துகொள்ளுங்கள்

இடைத்தங்கல் முகாமிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ நீங்கள் மீண்டும் கொஸ்லந்தைப் பக்கம் செல்ல ஆயத்தமாகிறீர்கள். அந்த ஊர் உங்களுக்குப் புதிதல்ல. எந்தப் பீலியில் கோடையிலும் தண்ணீர் வரும், எந்தத் துண்டுக் காணியில் போஞ்சி நன்றாகக் காய்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மலை ஏன் சரிகிறது, இனியும் சரியுமா என்ற கேள்விகள் உங்கள் மனதில் இருக்கும். அவற்றுக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தோட்டங்களும்

ஹப்புத்தளை மலைத்தொடரின் தெற்குப் பக்கம் சுவர் போல இறங்கி வெல்லவாய சமவெளியில் முடிகிறது. அந்த இறக்கத்தின் நடுவே, பெரகலை - வெல்லவாய வீதியில் கொஸ்லந்தை அமைந்திருக்கிறது. 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி இதற்கு அருகில்தான் விழுகிறது.

ஊவாவில் வெள்ளைக்காரர் முதலில் பயிரிட்டது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவிக் கோப்பியை அழித்தது. பிறகு தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்கள் முன்னோர்தான் காட்டை வெட்டி, கான் வெட்டி, இந்த மலைகளைத் தோட்டமாக்கினார்கள்.

அவர்களுக்குத் தரப்பட்டது லயத்தில் ஒரு காம்பரா. லயம் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோனது. அதனால், ஆபத்தான இடத்தை விட்டு வேறு காணிக்குப் போகும் வழி பல தலைமுறைகளுக்கு இருக்கவில்லை.

மண் ஏன் சரிகிறது

இலங்கையில் எரிமலை இல்லை. ஆனால் எரிமலையடியில் வாழும் விவசாயிகளின் நிலைமைக்கும் உங்கள் நிலைமைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இந்தோனேசியாவின் மெராபி எரிமலை கக்கும் சாம்பல் மண்ணை வளமாக்குகிறது. அதனால் மக்கள் அதன் அடிவாரத்தை விடாமல் பயிர் செய்கிறார்கள்.

இங்கும் அப்படித்தான். முற்காலத்தில் மேலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் மலையடிவாரங்களில் ஆழமாகக் குவிந்து கிடக்கின்றன. அந்த மண் இளகியது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. மரக்கறியும் மிளகும் அதில் நன்றாக வளரும். ஆனால் நாள் கணக்கில் மழை பெய்தால் அதே மண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, அடியிலுள்ள பாறையின் மேல் வழுக்கத் தொடங்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவுக்கு அடைமழைக் காலம். அதுவே ஆபத்தான காலமும் ஆகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனது இப்படித்தான். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. தப்பியவர்களுக்கு 2016இல்தான் பூனாகலைப் பக்கம் புது வீடுகள் கிடைத்தன.

மழையின் அளவும் மலையின் அடையாளங்களும்

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், உடனே வெளியேறுங்கள். உங்கள் தோட்டத்தில் மழைமானி இருந்தால் அளவை யார் பார்க்கிறார், இரவில் யார் அறிவிப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கீழ்வரும் அடையாளங்களில் எதைக் கண்டாலும் மழை அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம்:

- நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு
- சாய்ந்து வரும் மரம் அல்லது மின்கம்பம்
- திடீரெனப் புது ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று வற்றுதல் அல்லது கலங்கலாக வருதல்
- கதவு, ஜன்னல் இறுகித் திறக்க முடியாமல் போதல்

திரும்பும்போது செய்ய வேண்டியவை

நீங்கள் குடியேறும் இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்ததா, முடிவு என்ன என்று கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "பரவாயில்லை, போகலாம்" என்ற வாய்ப்பேச்சு போதாது.

வீட்டின் பின்புறச் சரிவை வெட்டி இடம் பெருக்க வேண்டாம். கானில் குப்பையும் மண்ணும் அடைக்க விடாதீர்கள். மழைக்கு முன் அயலவர்களுடன் சேர்ந்து கான்களைத் துப்புரவு செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒரே பையில் வாசலருகே வையுங்கள்.

கைவிடப்பட்ட பழைய லயத்தில் உங்கள் சாமியும் தோட்டமும் முன்னோரின் குழிகளும் இருக்கலாம். அவற்றை மறக்கச் சொல்லவில்லை. வெயில் காலத்தில், பகலில் போய் வாருங்கள். கோழியைப் பார்க்கவோ மரக்கறிக்குக் காவல் இருக்கவோ அங்கே இரவு தங்க வேண்டாம்.

அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கும் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.