தக்களியும் இரும்புக் கசடும்

தோழர்களே, அந்நியர் குடியேற்றம் என்றதும் 1620இல் டேனிஷ்காரர் எழுப்பிய தரங்கம்பாடிக் கோட்டை நம் நினைவுக்கு வருகிறது. கோட்டை நிற்கிறது. அதற்குக் கல் சுமந்தவர்களின் மண்குடிசை கரைந்துவிட்டது. அவர்களைத் தேட வேண்டுமானால் குப்பைக்குழியைத்தான் தோண்ட வேண்டும்.

தோண்டுகிறவரின் பார்வையும் இதில் முக்கியம். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், மதுச்சாடிகளையும் இத்தாலிய மட்கலங்களையும் கண்டு ரோமானிய வணிகத்தலம் என்று எழுதினார். 1989–92இல் விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வோ, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கு உள்ளூர் மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. வந்தவன் சாடி முதலில் கண்ணில் பட்டது. இருந்தவன் பானை பிறகுதான்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நொய்யல் திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே போகும் வழியில், வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் பலமுறை அகழ்ந்திருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், ஊதுகுழாய், கசடு, அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. செதுக்கியும் துளையிடாமல், பாதி வேலையில் நின்றுபோன கல்மணிகளும் உண்டு. அதில் ஒரு மனிதரின் வேலைநேரம் அப்படியே உறைந்து கிடக்கிறது. சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. பனியன் கம்பெனிகளுக்கு 2,000 ஆண்டுகள் முன்பே இக்கரையில் நூல் நூற்றிருக்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்து, பலவும் ஆள்பெயர்கள். புழங்கும் பானையில் பெயர் கீறிய ஊர் அது. அதற்காகப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. சில ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் குவிந்து கிடந்தன. மணிக்குத் துளையிட்டவர்கள் எல்லோருக்கும் அப்படி அடக்கம் நடந்ததா? ஓட்டை வைத்துச் சாதியைப் படிக்க முடியாது, ஏற்றத்தாழ்வைப் படிக்கலாம்.

இன்றைய நொய்யலுக்கு வருவோம். 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நாளை தோண்டுகிறவருக்கு அந்த வண்டல் கிடைக்கும். சாயத்தில் கைவைத்த காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் கிடைக்குமா? பல இடங்களில் அது வருகைப் பதிவேட்டிலேயே ஏறுவதில்லை.

எனவே மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் சம்பளக் கவர், பீஸ்ரேட் கணக்கு எழுதிய நோட்டு, பழைய இ.எஸ்.ஐ. அட்டை எது கிடைத்தாலும், உரியவரைக் கேட்டு வாங்குங்கள். பின்புறம் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும்.